வெயிட்லிஸ்டில் பெயர், கையில் வேறோர் இடம்: மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எதை, எதுவரை பிடித்து வைத்திருக்கலாம்?

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கிற நாட்களில் சேலத்துப் பக்கம் பல வீடுகளில் ஒரே மாதிரியான குழப்பம் ஓடும். பொறியியலோ இயற்பியலோ முடித்த பிள்ளைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கும். அதைவிடப் பிடித்த இன்னொரு பல்கலைக்கழகம் 'உங்களை வெயிட்லிஸ்டில் வைத்திருக்கிறோம்' என்று மெயில் அனுப்பியிருக்கும். முதல் இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருக்கும். "கெடச்சுதா இல்லையா, ஏதாவது ஒண்ணு சொல்லச் சொல்லு கண்ணு" என்பார் அப்பா. பிள்ளையிடம் பதில் இருக்காது. அந்தத் தேதியில் பல்கலைக்கழகத்திடமே பதில் இருக்காது என்பதுதான் உண்மை.

வெயிட்டிங் லிஸ்ட் என்றதும் நம் நினைவுக்கு வருவது ரயில்தான். சேலம் ஜங்ஷனில் டிக்கெட் எடுத்தால் 14 என்று ஓர் எண் வரும். யாராவது ரத்து செய்தால் 13 ஆகும், அப்புறம் 12 ஆகும். சார்ட் போட்டதும் முடிவு தெரிந்துவிடும். பல்கலைக்கழகப் பட்டியல் இப்படி நகர்வதில்லை. பல துறைகளில் அதற்கு வரிசை எண்ணே கிடையாது. ஒரு துறை இந்த ஆண்டு பத்து பிஎச்டி மாணவர்களைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து பேருக்கும் உதவித்தொகை, கட்டணச் சலுகை, ஆசிரியர் உதவியாளர் வேலை எல்லாம் கொடுத்தாக வேண்டும். அழைத்தவர்கள் அத்தனை பேரும் வர மாட்டார்கள் என்பது துறைக்குத் தெரியும். அதனால் பத்துக்கும் மேற்பட்டவர்களை அழைக்கும். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் நிரப்ப இன்னும் சிலரைக் கைவசம் வைத்திருக்கும். அந்தச் சிலர்தான் வெயிட்லிஸ்ட்.

அந்தப் பத்து இடங்களும் ஒரே மாதிரி இடங்கள் இல்லை. ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு, இன்னொரு பிரிவில் மூன்று என்று உள்ளுக்குள் பிரிந்திருக்கும். பொருளறிவியலில் வர இருந்த ஒருவர் வேறு ஊருக்குப் போய்விட்டால், காலியாகும் இடத்துக்குப் பொருளறிவியல் கேட்டவரைத்தான் கூப்பிடுவார்கள். கணினிப் பார்வையில் ஆய்வு செய்ய விண்ணப்பித்தவர் எவ்வளவு நல்ல மாணவராக இருந்தாலும் அந்த இடம் அவருக்கு வராது. அதனால் வெயிட்லிஸ்டில் இருப்பதையோ, கடைசிவரை அழைப்பு வராமல் போவதையோ தன் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்லூரியில் முதலிடம் வாங்கிய பிள்ளைகள் இந்த மெயிலைப் பார்த்து நாள்கணக்கில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தகுதியானவர் என்று ஏற்றுக்கொண்ட துறைதான் அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. தகுதி இல்லை என்று நினைத்திருந்தால் நேராக மறுத்திருக்கும்.

இனி கெடுவுக்கு வருவோம். அமெரிக்காவின் பட்டப்பின் கல்வி நிறுவனங்களுக்குப் பொதுவாக 'கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்' என்று ஒரு மன்றம் இருக்கிறது. அதன் ஏப்ரல் 15 தீர்மானத்தில் பெரும்பாலான ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. உதவித்தொகையோடு வந்த அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது தீர்மானம். அந்தத் தேதிக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டு மனம் மாறினால், ஏப்ரல் 15 வரை எழுத்து மூலம் விலகிக்கொள்ளவும் வழி இருக்கிறது. கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியலை மன்றமே வெளியிடுகிறது. உங்களுக்கு அழைப்பு அனுப்பிய பல்கலைக்கழகம் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நம் பிள்ளைகள் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். தீர்மானம் உதவித்தொகையுள்ள அழைப்புக்கு மட்டும்தான் பொருந்தும். சொந்தக் காசிலோ கடன் வாங்கியோ படிக்கிற எம்.எஸ். இடத்துக்கு அது பாதுகாப்புத் தராது. அப்படிப்பட்ட இடத்துக்குப் பல்கலைக்கழகம் மார்ச் மாதத்திலேயே கெடு வைக்கலாம், திருப்பித் தராத முன்பணமும் கேட்கலாம். 'ஏப்ரல் 15 வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்க முடியாது' என்று ஹாஸ்டலில் யாரோ சொன்னதை நம்பி, கையில் இருந்த எம்.எஸ். இடத்தை விட்டவர்கள் உண்டு. அழைப்புக் கடிதத்தில் பணம் பற்றி என்ன எழுதியிருக்கிறது, எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று முழுக்கப் படியுங்கள். ஊரில் சொல்கிற கணக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை அந்தக் கடிதம்தான் சொல்லும்.

நேரக் கணக்கும் முக்கியம். ஏப்ரலில் அமெரிக்கக் கிழக்குக் கரை நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும், மேற்குக் கரை பன்னிரண்டரை மணி நேரம். கிழக்கில் ஏப்ரல் 15 நள்ளிரவு முடியும்போது நமக்கு 16ஆம் தேதி காலை 9.30. ஆனால் சில துறைகள் அலுவலக நேரத்தைத்தான் கெடுவாக வைத்திருக்கும். அங்கே மாலை 5 மணி என்றால் நமக்கு அதிகாலை 2.30. வெயிட்லிஸ்ட் அதிகமாக அசைவதும் கடைசி இரண்டு மூன்று நாட்களில்தான். இரண்டு மூன்று இடங்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தவர்கள் கெடு நெருங்கும்போதுதான் வேண்டாததை விடுகிறார்கள். அந்த இடம் திறந்த சில மணி நேரத்துக்குள் துறையிலிருந்து அடுத்தவருக்கு மெயில் போகும். 'இடம் தந்தால் வருவீர்களா? நாளைக்குள் சொல்ல வேண்டும்' என்று கேட்பார்கள்.

அதாவது நம் சித்திரை முதல் நாளும் அவர்களுடைய கடைசி நாளும் அடுத்தடுத்து வருகின்றன. ஏப்ரல் 14 அன்று வீட்டில் எல்லோரும் கூடியிருப்பார்கள். அந்த மெயில் வந்தால் என்ன பதில் சொல்வது என்பதை அன்றைக்கே உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம். எவ்வளவு உதவித்தொகை வந்தால் மாறலாம், எந்தப் பேராசிரியர் எடுத்துக்கொண்டால் மாறலாம், அந்த ஊரில் வாடகை எவ்வளவு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் மெயிலைப் பார்த்துவிட்டு முதல் முறையாக யோசிக்கத் தொடங்கினால் ஊர்ப் பெயரின் பெருமைதான் ஜெயிக்கும். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உதவித்தொகையோடு கையில் இருக்கிற பிஎச்டி இடத்தை, பணம் பற்றி எதுவும் சொல்லாத வெயிட்லிஸ்டுக்காக விட்டுவிடாதீர்கள். அங்கிருந்து எழுத்தில் அழைப்பு வந்து, அதில் எத்தனை வருடத்துக்கு எவ்வளவு என்று போட்டிருந்தால், அப்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வெயிட்லிஸ்டில் வைத்திருக்கும் துறைக்கு எழுதலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். மாணவர் சேர்க்கையைப் பார்க்கிற பேராசிரியருக்கோ அலுவலருக்கோ சின்னதாக ஒரு மெயில் போதும். இன்னும் ஆர்வம் இருக்கிறது என்று சொல்லுங்கள். விண்ணப்பித்த பிறகு கட்டுரை ஏதாவது வெளியாகியிருந்தால், கடைசி செமஸ்டர் மதிப்பெண் வந்திருந்தால் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் மூன்று விஷயம் கேளுங்கள்: பட்டியலில் வரிசை உண்டா, என் ஆய்வுப் பிரிவில் இடம் திறக்க வாய்ப்பு இருக்கிறதா, அழைத்தால் உதவித்தொகையோடு அழைப்பீர்களா. இன்னோர் இடம் கையில் இருப்பதையும் அதன் கெடு தேதியையும் சொல்வதில் தவறே இல்லை. அது தெரிந்தால்தான் அவர்களும் உங்களுக்கு ஏற்றபடி நேரத்தோடு பதில் தர முடியும்.

'அழைத்தால் கட்டாயம் வருவேன்' என்ற வரியை மட்டும் யோசித்து எழுதுங்கள். அது உண்மையாக இருந்தால் எழுதுங்கள், ஒரே ஒரு துறைக்கு மட்டும் எழுதுங்கள். ஒரே ஆய்வுத் துறையில் இருக்கிற பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்தவர்கள். மாநாடுகளில் சந்திப்பார்கள், மாணவர்களைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். இரண்டு துறைக்கு அதே வாக்கைக் கொடுத்தவர் பின்னாளில் அந்த மாநாட்டில்தான் நிற்க வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஒரு மெயில் அனுப்புவது, அப்பாவையோ மாமாவையோ விட்டு எழுத வைப்பது இரண்டும் வேண்டாம்.

கையில் இருக்கிற இடத்தைப் பொறுத்தவரை, கெடுவை நீட்டிக்கக் கேட்கலாம். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே, காரணத்தை மறைக்காமல் கேட்டால் சில நாள் கொடுக்கிற துறைகள் உண்டு. கடைசி நாளன்று கேட்டால் கொடுப்பது கடினம், ஏனென்றால் அவர்களுக்கும் ஒரு வெயிட்லிஸ்ட் இருக்கிறது. நீட்டிப்பு கிடைக்கவில்லையா, சரி, கையில் இருப்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். வராத ஒன்றுக்காக வந்ததை விடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. ஏற்றுக்கொண்ட பிறகு ஏப்ரல் 15ம் தாண்டி, வெயிட்லிஸ்டிலிருந்து அழைப்பு வந்தால் விஷயம் கொஞ்சம் கனமானது. உங்களை நம்பி ஒரு பேராசிரியர் ஆய்வுப் பணத்தை ஒதுக்கியிருப்பார், வெயிட்லிஸ்டில் இருந்த மற்றவர்களுக்கு இடமில்லை என்று சொல்லி முடித்திருப்பார்கள். அப்போதும் மாறத்தான் வேண்டும் என்றால், புதிய இடத்துக்குச் சம்மதம் சொல்வதற்கு முன் முதல் துறைக்கு நேராக எழுதி, விலகிக்கொள்வதாக எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பல்கலைக்கழகத்தின் கெடுவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நம் வீடுகளில் அதைவிடப் பெரிய பிரச்சினை வங்கிதான். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கொண்டலாம்பட்டிப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகளுக்கு எம்.எஸ். இடம் ஒன்று கையில் இருக்கிறது, இன்னொன்று வெயிட்லிஸ்டில். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் வழக்கமாகச் சொத்துப் பிணை கேட்கும். வெளிநாட்டு எம்.எஸ். அந்தத் தொகைக்குள் அடங்காது. ஆக வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுத்தாக வேண்டும். பத்திரம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். பட்டா மாற்றியிருக்க மாட்டார்கள். மூலப் பத்திரம் சித்தப்பா வீட்டுப் பீரோவில் இருக்கும். வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும். எல்லாம் கொடுத்த பிறகு வங்கியின் வழக்கறிஞர் படித்துப் பார்த்துக் கருத்து எழுத வேண்டும், மதிப்பீட்டாளர் நேரில் வந்து அளக்க வேண்டும். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் அவர் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். இவ்வளவுக்கும் வாரங்கள் ஆகும். அதற்கப்புறம்தான் கடன் அனுமதிக் கடிதம்.

அந்தக் கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பின் பெயர், ஆண்டுக் கட்டணம் எல்லாம் இருக்கும். பல்கலைக்கழகம் மாறினால் கடிதமும் மாற வேண்டும். முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் பல்கலைக்கழகம் ஐ-20 படிவம் தரும். ஐ-20 இல்லாமல் விசாவுக்கு நகர முடியாது. மே மாதக் கடைசியில் வெயிட்லிஸ்டிலிருந்து அழைப்பு வந்து, வங்கியில் அப்போதுதான் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றால் ஆகஸ்ட் வகுப்புக்குப் போய்ச் சேர்வது பெரும்பாடு.

இதற்கு ஒரு வழி உண்டு. வழக்கறிஞர் கருத்தும் மதிப்பீடும் சொத்தைப் பற்றியவை, பல்கலைக்கழகத்தைப் பற்றியவை அல்ல. அந்த இரண்டையும் பிப்ரவரி, மார்ச்சிலேயே முடித்து வைத்துக்கொள்ளலாம். கிளை மேலாளரிடம் முதல் நாளே, "சார், ரெண்டு யுனிவர்சிட்டி இருக்கு, ஒண்ணு உறுதி, ஒண்ணு வெயிட்லிஸ்ட். எதுன்னு ஏப்ரல் கடைசியில சொல்றோம்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டில் எதன் கட்டணம் அதிகமோ அதற்கேற்ற தொகை கிடைக்குமா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மேலாளருக்கு விஷயம் தெரிந்திருந்தால், கடைசியில் பெயரையும் கட்டணத்தையும் மாற்றி எழுதுகிற வேலைதான் மிச்சம் இருக்கும். பட்டறையில் நாளெல்லாம் கம்பி இழுத்து, பொடி வைத்துப் பற்றவைத்துச் சம்பாதிக்கிறவர் வேலையை விட்டுவிட்டு இரண்டாம் முறை பத்திரத்தோடு அலைய வேண்டியிருக்காது.

விசாவில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்கள், வெளிநாட்டு மாணவர்களுக்காக அமெரிக்க அரசு வைத்திருக்கும் செவிஸ் என்ற பதிவு முறைக்குக் கட்டணமாக 350 டாலர் கட்ட வேண்டும். அது ஐ-20இல் இருக்கும் செவிஸ் எண்ணோடு இணைந்தது. பல்கலைக்கழகம் மாறிப் புதிய ஐ-20, புதிய எண் வந்தால், கட்டிய தொகையைப் புதிய எண்ணுக்கு மாற்றித் தரும்படி கேட்க வழி இருக்கிறது. ஆனால் விசா விண்ணப்பத்திலும் புதிய விவரம் வர வேண்டும், நேர்காணலுக்குப் போகிறபோது எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறீர்களோ அதன் ஐ-20தான் கையில் இருக்க வேண்டும். விசா குத்திய பிறகு மாறுவது இன்னும் சிக்கல். அதற்காக வெயிட்லிஸ்ட் முடிவு தெரியட்டும் என்று விசா வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். சென்னையில் நேர்காணல் தேதி நினைத்தபோது கிடைப்பதில்லை. ஏப்ரல் 15 தாண்டியதும், கையில் இருக்கிற இடத்தை வைத்து வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

உள்நாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு இதே தவிப்பு வேறு உருவத்தில் வருகிறது, ஆனால் அங்கே விதிகள் தெளிவாக இருக்கின்றன. பொறியியல் கவுன்சலிங்கில் 'அப்வர்ட் மூவ்மென்ட்' கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஐஐடிகளில் எம்.டெக். சேர்கிறவர்கள் ஒவ்வோர் ஐஐடிக்கும் தனித்தனியாக விண்ணப்பித்தாலும், அழைப்புகள் கோஆப் என்ற பொதுத் தளத்தில்தான் வரும். ஏற்று முடித்துக்கொள்ளலாம், கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம், வேண்டாம் என்று விட்டுவிட்டும் காத்திருக்கலாம். திருச்சி என்ஐடி உட்பட என்ஐடிகளுக்கான சிசிஎம்டி கலந்தாய்வில் ஃப்ரீஸ், ஸ்லைடு, ஃப்ளோட் என்று மூன்று வழி. கிடைத்த இடமே போதும் என்றால் ஃப்ரீஸ், அதே நிறுவனத்துக்குள் மேலான பாடப்பிரிவு போதும் என்றால் ஸ்லைடு, எங்கே மேலானது கிடைத்தாலும் போகத் தயார் என்றால் ஃப்ளோட். ஃப்ளோட்டில் மேலான இடம் ஒதுக்கப்பட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்ப வராது. அதனால் உண்மையிலேயே போக விரும்பாத கல்லூரியை விருப்பப் பட்டியலில் மேலே போட்டுவிட்டு ஃப்ளோட் கொடுக்காதீர்கள்.

கலை அறிவியல் படிப்புகளிலும் தனியார் கல்லூரிகளிலும் தொல்லை பணத்திலும் சான்றிதழிலும் வரும். ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி.க்குப் பணம் கட்டிச் சேர்ந்த பிறகு மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும். போகலாம் என்றால், 'கட்டணம் திரும்ப வராது, டி.சி. தர மாட்டோம்' என்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இதற்குத்தான் வந்தது. மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் கட்டணம் முழுதாகத் திரும்ப வேண்டும், நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல் பிடிக்கலாம். அதற்குப் பிறகு நாள் ஆக ஆக 90, 80, 50 சதவீதம் என்று குறையும். கடைசித் தேதி கழிந்து 30 நாளும் தாண்டினால் ஒன்றும் வராது. 2024-25 கல்வியாண்டுக்குக் குழு இன்னும் தாராளமாக, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகை, அக்டோபர் 31 வரை என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று சொன்னது. நீங்கள் சேருகிற ஆண்டின் அறிவிப்பை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலகுவதை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராமல் மெயிலிலும் எழுதி அனுப்புங்கள், தேதி அதில்தான் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வெயிட்லிஸ்டில் காத்திருக்கிற பிள்ளைகள் பலர் தங்கள் கையிலும் மூன்று நான்கு இடங்களை வைத்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டுக்குப் போகவே போவதில்லை என்று மார்ச் முதல் வாரமே அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் கெடு இருக்கிறதே என்று பதில் போடாமல் விட்டுவைக்கிறார்கள். நீங்கள் விடாமல் வைத்திருக்கிற அந்த இடத்துக்காக ஓமலூரிலோ ஆத்தூரிலோ இன்னொரு பிள்ளை இதே மாதிரி மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் காத்திருக்கிற இடத்தையும் யாரோ ஒருவர் இப்படித்தான் விடாமல் வைத்திருக்கிறார். இருப்பதில் சிறந்த ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குறைந்தது என்று தெளிவாகத் தெரிந்த எல்லாவற்றையும் அன்றைக்கே விட்டுவிடுங்கள். அதனால் உங்களுக்கு ஓர் இழப்பும் இல்லை. பட்டியல்கள் ஏப்ரல் 14 வரை உறைந்து கிடக்காமல் மார்ச்சிலேயே நகரத் தொடங்கும்.

மே, ஜூனில் தாமதமாக அழைப்பு வந்தால், ஐ-20 எத்தனை நாளில் தருவீர்கள், சேர்க்கையை ஜனவரிக்கோ அடுத்த ஆண்டுக்கோ தள்ளிவைக்க முடியுமா, அப்படித் தள்ளினால் உதவித்தொகையும் கூடவே வருமா என்று கேளுங்கள். பதில் சாதகமாக இல்லை என்றால், ஏற்றுக்கொண்ட இடத்துக்கே போவது என்று முடிவு செய்துவிடுங்கள். அப்படி முடிவு செய்தவுடன் வெயிட்லிஸ்டில் வைத்திருந்த துறைக்கு எழுதி, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். பரிசீலித்ததற்கு நன்றி, வேறோர் இடத்தில் சேர முடிவு செய்துவிட்டேன் என்று இரண்டு வரி போதும். எங்கே சேர்கிறீர்கள் என்பதையும் சொன்னால் அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு அது அவர்களுக்கு உதவும்.